கோட்டைச்சாமி கையில் இரண்டு சாளை

ஐந்து ரூபாய் பத்தணா. கங்காணி கோட்டைச்சாமிக்குப் பிலவேந்திரன் கொடுக்க வேண்டியது அவ்வளவுதான். குமுளி மலைப்பாதைக்குச் சல்லி உடைக்க வந்த அன்று முன்பணமாக வாங்கியது, கம்புக்கும் உப்புக்கும் கரைந்துபோனது. கோட்டைச்சாமிக்கு எழுத்துத் தெரியாது. கடன்காரன் ஒவ்வொருவனுக்கும் ஒரு சணல் கயிறு வைத்திருந்தான். ரூபாய்க்குப் பெரிய முடிச்சு, அணாவுக்குச் சின்ன முடிச்சு. எல்லாக் கயிற்றையும் இடுப்பில் செருகிக்கொண்டு திரிவான். தவணை தவறினால் விரலை ஒடிப்பான். கூடலூர்க் கல்காட்டில் கோணல் விரல்களைப் பார்த்தாலே அவன் கணக்கு விளங்கிவிடும்.

பிலவேந்திரனுக்கு இடது சுண்டுவிரல் ஏற்கெனவே போயிருந்தது. சனிக்கிழமை கடைசித் தவணை.

"அன்னைக்கு வலது கட்டவெரலுடா, வேதக்காரா. சுத்தியலு புடிக்கிற வெரலு," என்று சொல்லியிருந்தான் கோட்டைச்சாமி. கட்டைவிரல் இல்லாதவனுக்குச் சல்லிக்காட்டில் கூலி கிடையாது.

மிச்சமிருந்த ஒரே வழி பங்களாத் துரை. அவருக்கு மீன்பிடிப் பைத்தியம். தூண்டில் முள்ளில் சேவல் இறகைச் சுற்றி, ஆற்றுமீன் ஏமாறுகிற மாதிரி பூச்சி கட்டித் தருவது பிலவேந்திரன்தான். இப்போது துரை விடுப்பெடுத்து ஆலப்புழைக் கடலுக்குப் போகிறார்.

"கடல்ல பெரிய மீனு சாளையத்தான் வெரட்டித் திங்குமாம். சாளை மாதிரி ஆறு கட்டு. உருப்படிக்கு ஒரு ரூவா தாராகளாம்," என்று சொல்லி, விரல் நீள முள் ஆறைக் கொடுத்துவிட்டுப் போனான் சமையல்காரன் ஞானதுரை.

பிலவேந்திரன் ராயப்பன்பட்டியில் பிறந்தவன். கடலைக் கண்டதில்லை. சாளையைக் கண்டிருக்கிறான், உத்தமபாளையம் சந்தையில், கருவாட்டுக் கூடையில். அரையணாவுக்கு வாங்கிவந்து, கல்லின்மேல் வைத்து, பார்த்துப் பார்த்துக் கட்டினான். முதுகுக்குக் கோழியின் பழுப்பிறகு. வயிற்றுக்கு மஞ்சளேறிய ஆட்டுமயிர். உடம்பு விறைப்பாக நிற்க மெழுகு பூசினான். வேலை முடிந்ததும் அவன் பெண்சாதி மதலேனாள் கருவாட்டைக் குழம்பில் போட்டாள். "கொழம்புல கெடக்குறது எது, முள்ளுல கெடக்குறது எதுன்னு தெரியலய்யா," என்று மெச்சினாள்.

வியாழக்கிழமை ஞானதுரை ஆறையும் திருப்பிக் கொண்டுவந்து காலடியில் கொட்டினான். அவன் கன்னத்தில் துரையின் கை பதிந்திருந்தது.

"செத்துக் காஞ்சதக் கட்டியிருக்கியேடா! கடல்ல கருவாடா நீந்துது? ஒன்னால நான் அற வாங்குனேன். சனிக்கெழம காலையில துரை கெளம்புறாக. அதுக்குள்ள உசுருள்ள சாளையாக் கட்டு. இல்லையா, முள்ளத் திருப்பிக் குடு."

இதைக் கோட்டைச்சாமியும் கேட்டுக்கொண்டிருந்தான். தன் கையாள் கருத்தக்கண்ணனைவிட்டுப் பிலவேந்திரனின் தோளை அமுக்கச் சொன்னான். இடது மோதிரவிரலைக் கல்லின்மேல் இழுத்துவைத்துச் சுத்தியலால் ஒரு போடு போட்டான். எலும்பு நொறுங்கியது சல்லி உடைகிற சத்தம்போலவே கேட்டது.

"இது வட்டி. மொதலு சனிக்கெழம."

மறுநாள் மதலேனாள், குமுளி இறங்கி வந்த பொதிமாட்டுக்காரனிடம் போய்க் கேட்டாள். ஆலப்புழைப் பக்கத்து ஆள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"உணக்கச் சாளை, கருவாட்டப் பார்த்தோ கெட்டினது! ஜீவனுள்ள சாளைக்கு முதுகு மயில்கழுத்துபோலே. வயிறு புது வெள்ளிக்காசு. கண்ணு பெருசு. அது நெளிஞ்சுகொண்டே இருக்கும்."

மயிலிறகு புதர்க்காட்டில் கிடந்தது. வெள்ளை மயிருக்கு வெள்ளாட்டுக் கிடாயின் தாடி. மினுக்கத்துக்குத் தேயிலைப் பெட்டியில் ஒட்டியிருந்த ஈயத்தகட்டை இழை இழையாகக் கீறினான். கண்ணுக்கு ஒரு சொட்டுத் தார். இந்த முறை மெழுகு இல்லை. இரண்டு விரல் போன கையால் நூலை இழுக்க முடியவில்லை. மதலேனாள் நூலைப் பல்லால் கவ்விப் பிடித்துக்கொள்ள, அவன் முள்ளைச் சுற்றினான். ஊதினால் இறகு நெளிந்தது.

சனிக்கிழமை காலை ஆறையும் ஓலைப்பெட்டியில் வைத்துப் பங்களாவுக்குப் போனான். வாசலுக்கு முன்னால் கோட்டைச்சாமியும் கருத்தக்கண்ணனும் மறித்தார்கள்.

"இதுக்கா ஆறு ரூவா? குடு, நானே துரைக்கு வித்துக்கிறேன். ஒன் கடன் அது பாட்டுக்குக் கெடக்கட்டும்."

"இத வித்துத்தான் அண்ணே ஒங்க பணமே."

"பணம் யாரு கேட்டா? வெரலக் கொண்டா!"

ஓங்கி ஒரு மிதி. பிலவேந்திரன் மல்லாந்து விழுந்தான். பெட்டி பிய்ந்தது. ஆறு மீனும் சிதறின. இரண்டைக் கோட்டைச்சாமி அள்ளினான். பிலவேந்திரன் எழுந்து பாய்ந்து, அந்த மூடிய கையைத் தன் ஒடிந்த விரலையும் பாராமல் இரண்டு கையாலும் பிடித்து, பலம் முழுவதையும் போட்டு அமுக்கினான்.

கோட்டைச்சாமி போட்ட கூச்சல் கல்காடு முழுக்கக் கேட்டது. சல்லி உடைத்துக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து சூழ்ந்தார்கள். இரண்டு முள்ளும் உள்ளங்கைக்குள் வளைவு வரை இறங்கியிருந்தன. கருத்தக்கண்ணன் ஒன்றைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தான். முள் நுனியில் பின்னோக்கிச் சீவிய நாக்கு சதையைக் கவ்வியது. ரத்தம் அவன் முகத்தில் தெறித்தது, முள் வரவில்லை.

"இழுக்காதடா நாயே! செத்தேன்!"

ஓடிவந்த ஞானதுரை, கீழே கிடந்த நாலையும் பொறுக்கி வெயிலில் திருப்பிப் பார்த்தான். "துரை கேட்டது இதாம்ல," என்று நாலு ரூபாயைப் பிலவேந்திரன் மடியில் போட்டுவிட்டு உள்ளே போனான்.

"ஆசுபத்திரி அங்கன, மலைமேல," என்றான் பிலவேந்திரன், வாயில் ஊறிய ரத்தத்தைத் துப்பிவிட்டு. "ஏறுறதுக்குள்ள கை வீங்கிரும். எடுக்கத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான்."

"எடுடா... எடுப்பா."

"ஒங்க கையில ரெண்டு ரூவா மாட்டிக் கெடக்குண்ணே. அதுக்கு என் கடன் அம்புட்டும் சரியாப்போச்சுன்னு சொல்லுங்க. எல்லாரும் கேக்கச் சொல்லுங்க."

கோட்டைச்சாமி பல்லைக் கடித்தான். பிலவேந்திரன் ஒரு முள்ளின் காம்பை லேசாகத் தொட்டான்.

"சரி! சரிடா! தீந்துபோச்சு!"

"கயிறு?"

இடது கையால் இடுப்பைத் துழாவி, ஐந்து பெரிய முடிச்சும் பத்துச் சின்ன முடிச்சும் உள்ள கயிற்றை எடுத்து நீட்டினான்.

முள்ளை இழுக்கக் கூடாது. முன்னுக்குத் தள்ளி, நுனியைத் தோலுக்கு வெளியே கொண்டுவந்து, அந்த நாக்கை மடியிலிருந்த குறடால் நறுக்கி, முள்ளை வந்த வழியே உருவ வேண்டும். ஒரே மூச்சில் தள்ளினால் வலி குறையும். பிலவேந்திரன் மெதுவாகத்தான் தள்ளினான். தோல் கூம்பி, வெளுத்து, பொத்துக்கொண்டது. கோட்டைச்சாமி மண்ணில் முகம் புதைத்து அலறினான். இரண்டாவது முள்ளுக்கு இன்னும் மெதுவாக.

ரத்தம் நிற்கவில்லை. பிலவேந்திரன் தன் கடன் கயிற்றை எடுத்துக் கோட்டைச்சாமியின் மணிக்கட்டில் சுற்றி, மதலேனாளைப் போலவே ஒரு முனையைப் பல்லால் கவ்வி, இறுக்கி முடிந்தான்.

"இனிமே இது ஒங்க கயிறுண்ணே," என்றான்.