படகுக்குத் தைத்த சட்டை

பக்கத்து வீட்டுத் தையல்காரர் கையில் எது சிக்கினாலும் அதற்கு ஓர் உறை தைத்துவிடுவார். மிக்சி, சைக்கிள் சீட்டு, தண்ணீர்க் குடம் எதுவும் தப்பியதில்லை. அவருடைய தங்கை கணவர் வெளியூர் வேலைக்குப் புறப்பட்டபோது, தன் சின்ன மரப்படகைத் தையல்காரரின் கொல்லையில் கவிழ்த்து வைத்தார்.

"மச்சான், மாசம் ஒரு தடவை அடிப்பலகைக்கு எண்ணெய் பூசுங்க. அது போதும்."

நான் சுவருக்கு இந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தால் என்ன செய்வது?

எண்ணெய்க் கை துணியில் பட்டால் கறையாகிவிடுமாம். அதனால் மனிதர் எண்ணெயைத் தொடாமல் படகுக்கு அளவெடுத்து, சோபா தைத்து மிஞ்சிய ரெக்சினில் அடிப்பாகம் முழுக்க இறுக்கமாக ஒரு சட்டை தைத்தார். விளிம்பெல்லாம் ஆணி. தெருவையே கூப்பிட்டுக் காட்டினார்.

"இனிமே ஒரு கீறல் விழட்டும், பார்ப்போம்!"

"பாக்கெட் எங்கே?" என்று கேட்டேன். அவருக்குக் கோபம்.

மழைக்காலம் வந்தது. ஒரு மத்தியானம் அவர் படகின் சட்டையில் ஒரு சாண் தையலைப் பிரித்து விரலை விட்டார். ஊறிய ரொட்டிக்குள் போவதுபோல் விரல் பலகைக்குள் போனது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மறுபடி தைத்துவிட்டார். சுவருக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்த நான் தெருவில் நாலு பேரிடம் சொன்னேன். அவரிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து மாப்பிள்ளை வந்தார். படகைப் பார்த்ததும் மச்சானைக் கட்டிக்கொண்டார்.

"கூடப் பிறந்தவன்கூட இப்படிப் பார்த்துக்க மாட்டான்!"

சட்டையோடு அப்படியே ஆற்றுக்குத் தூக்கிப் போனார்கள். வேடிக்கை பார்க்கத் தெருவே பின்னால் போனது. தங்கை இடுப்பில் குழந்தையோடு படகில் ஒரு காலை வைத்தாள்.

"ஏறாதே!"

"ஏண்ணே, நான் ஏறினா முங்கிடுமா?" என்று சிரித்தாள்.

"பலகை ஊறிப்போச்சும்மா. நான் பார்த்தேன். பார்த்துட்டுத் திரும்பத் தைச்சுட்டேன்."

"எப்போ?" என்றார் மாப்பிள்ளை.

"ரெண்டு மாசம் இருக்கும்."

"அப்பவே ஒரு போன் போட்டிருந்தா ஒரு பலகையோட போயிருக்கும், மச்சான்."

படகைக் கவிழ்த்தார்கள். தையல்காரர் சேற்றில் மண்டியிட்டு, தன் தையலைத் தானே பிரித்தார். ரெக்சினோடு மரமும் நார் நாராக உரிந்து வந்தது. மூன்று பலகை காலி. தங்கை குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, அண்ணனைப் பார்க்காமல் கரையேறிவிட்டாள்.

மாப்பிள்ளை நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"நான் தச்சரைப் பார்த்துட்டு வரேன். நீங்க வீட்டுக்குப் போங்க" என்றார், தணிந்த குரலில்.

தையல்காரர் போகவில்லை. எங்களுக்கு முதுகைக் காட்டித் தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நாங்களாவது கலைந்து போயிருக்கலாம். ஒருவரும் நகரவில்லை.