இனம் என்ற கட்டம்

கீழ்த்தளத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த காகிதத்தை ஊசியக்கா மூன்று முறை படித்தாள். ஆபத்தான இனத்து நாய்களை ஞாயிற்றுக்கிழமைக்குள் குடியிருப்பை விட்டு வெளியேற்ற வேண்டுமாம். கீழே இரண்டு வீட்டு எண்கள். ஒன்று எலெக்ட்ரீஷியனுடையது, இன்னொன்று அவளுடையது.

பிராணிகள் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பதால் அவளுக்கு அந்தப் பெயர். உண்மையில் அவள் ஒரு ஊசியும் போட்டதில்லை. வாசல் மேசையில் உட்கார்ந்து வருகிற ஜீவன்களுக்கெல்லாம் அட்டை எழுதுவதுதான் வேலை. பெயர், வயது, நிறம், இனம். எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது என்பது டாக்டரின் கட்டளை. ஒன்பது வருடமாக அவள் ஒரு கட்டத்தையும் காலியாக விட்டதில்லை.

அவளுடைய நாய்க்கு மண்டை என்று பெயர். தலை அப்படி. அவ்வளவு பெரிய தலையை வைத்துக்கொண்டு அது செய்கிற ஒரே அட்டகாசம், குக்கர் விசிலடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்குவது. பின்பக்கம் முழுவதும் வெளியே தெரியும். தான் நன்றாக ஒளிந்துகொண்டதாக அதற்கு ஒரு நினைப்பு.

நேராகக் குடியிருப்புச் சங்கச் செயலாளர் வீட்டுக்குப் போய் மணியை அழுத்தினாள்.

"மண்டை யாரைக் கடிச்சுது சார்? ஒரு ஆளைக் காட்டுங்க, நானே கொண்டுபோய் விட்டுடறேன்."

"கடிச்ச பிறகு பார்த்துக்கலாம்னு உட்கார்ந்திருக்க முடியுமாம்மா?" என்றார் செயலாளர். அவருடைய மாப்பிள்ளை கதவிடுக்கு வழியாக மூக்கை நீட்டியது. மாப்பிள்ளை என்பதும் நாய்தான். அந்த வீட்டில் அதற்கு நடக்கிற உபசாரத்தைப் பார்த்துக் குடியிருப்பே வைத்த பெயர். "அதோட, இதை நானா சொல்றேன்? உங்க ஆஸ்பத்திரி அட்டையிலயே பிட்புல்னு போட்டிருக்கே."

போன வருடம் சங்கத்தில் எல்லோரிடமும் வாங்கி வைத்த அட்டை நகல்களில் ஒன்றை எடுத்து நீட்டினார். பிட்புல். அவளுடைய கையெழுத்து. நகலை அவரிடமே கொடுத்துவிட்டு மாடியேறி வந்துவிட்டாள்.

அவள் கணவர் பஸ் ஓட்டுபவர். நெரிசலில் சந்து பார்த்து வண்டியை நுழைத்துப் பழகிய மனுஷன்.

"இதுக்குப் போய் எதுக்கு இப்படி உட்கார்ந்திருக்கே? பேனா உன் கையிலதானே இருக்கு. லாப்ரடார்னு புது அட்டை எழுதிக் குடுத்துட்டு வேலையைப் பாரு."

"அப்போ எலெக்ட்ரீஷியன் தம்பியோட நாய்?"

"நம்ம நாயை முதல்ல பார்ப்போம்."

அவளுக்கும் அந்த நிமிஷத்தில் அதுதான் சரியென்று பட்டது. மண்டை இல்லாத வீட்டை நினைக்கவே முடியவில்லை.

மறுநாள் காலை, டாக்டர் வருவதற்கு முன்பே நாலு வருடத்துக்கு முந்தைய பதிவேட்டைத் தூசி தட்டி எடுத்தாள். அட்டையை மாற்றினால் பதிவேட்டையும் மாற்ற வேண்டுமே. மண்டையின் வரியைத் தேடிப் பிடித்தாள். அதற்கு மேலே இருந்த வரியையும் சேர்த்துப் படித்தவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

ஒரே நாள். ஒரே கூடை. கொண்டுவந்தவர் பால்காரர். லாரியில் அடிபட்டுச் செத்த தெருநாயின் குட்டிகள் இரண்டு. காது தொங்கிய குட்டிக்கு லாப்ரடார் கலப்பு என்று எழுதியிருந்தாள். தலை பெருத்த குட்டிக்குப் பிட்புல். கட்டம் காலியாக இருக்கக் கூடாதே என்று ஒரு பார்வை பார்த்து எழுதியதுதான். வரிசையில் பத்துப் பேர் நின்றிருப்பார்கள், யாருக்குத் தெரியும்.

காது தொங்கியதை அன்றைக்கே வளர்க்க வாங்கிப்போனது செயலாளர் வீடு. தலை பெருத்தது மூன்று வீடு போயிருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் நேராக அவள் கையெழுத்திலேயே காரணம் இருந்தது: திருப்பி விட்டார்கள், இனம் கேட்டுப் பயப்படுகிறார்கள். மூன்றாவது முறை திரும்பி வந்தபோது அவளே வீட்டுக்கு அழைத்துப் போனாள். பாவம் பார்த்துத்தான் அழைத்துப் போனாள். அந்தப் பாவத்தை எழுதியதே தான்தான் என்று அவளுக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

யாரையும் கேட்காமல் பதிவேட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டுக் கூட்டம். ஊசியக்கா மண்டையோடு வந்தாள். முன்வரிசையில் பாதிப் பேர் காலைத் தூக்கி நாற்காலியின் மேல் வைத்துக்கொண்டார்கள். செயலாளரின் மனைவி மட்டும் தூக்கவில்லை; அவள் காலின் மேல் மாப்பிள்ளை தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

"அட்டையில இருக்கறதைத்தானே சட்டமா எடுத்துக்கறீங்க?" என்று ஊசியக்கா பதிவேட்டை விரித்தாள். "அட்டை எழுதினவ நான். எப்படி எழுதினேன்னு கேளுங்க."

இரண்டு வரியையும் சத்தமாகப் படித்தாள். நாள், கூடை, பால்காரர், தாய், வீட்டு எண்.

"மண்டையும் மாப்பிள்ளையும் ஒரு வயித்துல பொறந்ததுங்க. போறதுன்னா ரெண்டும் போகட்டும். இந்தாங்க, கயித்தைப் பிடிங்க சார்."

நீட்டிய கயிற்றைச் செயலாளர் தொடவில்லை. கூடப்பிறந்தவை இரண்டும் ஒன்றையொன்று ஏறிட்டும் பார்க்கவில்லை. ஒன்று தூங்கியது, இன்னொன்று சொறிந்துகொண்டது.

"சரிம்மா, சரி," என்றார் செயலாளர், குரலைத் தணித்து. "உங்க நாய்க்கு மட்டும் சிறப்பு அனுமதி குடுத்துடலாம். விஷயத்தை இதோட விடுங்க."

கணவர் பின்வரிசையிலிருந்து 'ஒத்துக்கோ, ஒத்துக்கோ' என்று கையை ஆட்டினார். வந்த காரியம் முடிந்துவிட்டது. அவள் நினைத்திருந்தால் மண்டையை அழைத்துக்கொண்டு அப்படியே மாடியேறியிருக்கலாம்.

"உங்க அனுமதி யாருக்கு வேணும்?" என்றாள். "எலெக்ட்ரீஷியன் தம்பியோட நாய்க்கும் நான்தான் மூஞ்சியைப் பார்த்து எழுதினேன். எந்த நாய் கடிச்சுதுன்னு கேளுங்க, பதில் சொல்றேன். எந்த இனம்னு கேட்டா எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தெரியாத ஒண்ணை வச்சு ஒரு உசிரைத் தெருவுல தள்ள நான் விடமாட்டேன்."

"விதின்னு ஒண்ணு போட்டாச்சும்மா…"

"என்னங்க," என்று செயலாளரின் மனைவி எழுந்தாள். மாப்பிள்ளை விழித்துக்கொண்டது. "விதி இருந்தா நம்ம பிள்ளையும் போகணும். அது போனா நானும் கூடவே போறேன். சாப்பாட்டுக்கு என்ன பண்றதுன்னு சங்கத்தைக் கூட்டி முடிவு பண்ணிக்குங்க."

சிரிப்பு அடங்குவதற்குள் செயலாளரின் மனைவியே போய்ப் பலகையில் இருந்த காகிதத்தைக் கிழித்தாள். எலெக்ட்ரீஷியன் எழுந்து நின்று கை தட்டினான். செயலாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், வெகுநேரம் துடைத்தார்.

ஜெயித்துவிட்டோம் என்று கணவர் அன்று முழுவதும் பூரித்துப் போயிருந்தார். ஊசியக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை டாக்டர் உள்ளே வந்தபோது மேசை முழுக்கப் பழைய பதிவேடுகள் விரிந்து கிடந்தன. அவள் சிவப்புப் பேனாவால் ஒவ்வொரு பக்கமாக இனம் என்ற கட்டத்தை அடித்துக்கொண்டிருந்தாள். அடித்த வரிகள் பலவற்றின் ஓரத்தில் அவள் கையெழுத்திலேயே இருந்தது: திருப்பி விட்டார்கள். திருப்பி விட்டார்கள். வளர்க்க ஆளில்லை, கார்ப்பரேஷன் நாய் வண்டி வந்து ஏற்றிப் போனது. அந்த வண்டியில் போனவற்றில் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

"ஏம்மா, பைத்தியம் பிடிச்சிருக்கா? ஒன்பது வருஷப் பதிவு! வேலை போயிடும், தெரியுமா?"

"போகட்டும் டாக்டர்."

"யாரைக் கேட்டு அடிக்கறே?"

"எழுதும்போது யாரைக் கேட்டேன்?" என்றாள். கண்ணில் வழிந்ததைத் துடைக்கக்கூட நிற்காமல் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.