மாமியாருக்கு ஒரு பக்கெட்

2006இல் எங்கள் ஆய்வுக் குழு கோவளம் மீனவர் குப்பத்தில் மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் போட்டது. நாற்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கானது. வந்தால் ஒரு பிளாஸ்டிக் பக்கெட் இலவசம். காலையில் வந்தவர்கள் எல்லோரும் இளம் மருமகள்கள்.

"அத்த மீன் விக்க தாம்பரம் போய்கீது. பக்கெட்ட வாங்கியாரச் சொல்லிச்சு," என்றாள் அவர்களில் ஒருத்தியான ஜெயப்ரியா.

எனக்கு எரிச்சலாக வந்தது. இவர்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று அறிக்கை எழுதிவிட்டுப் போக யாருக்குத்தான் தெரியாது? முகாமை மாலைக்கு மாற்றினேன். மாமியாரைக் கூட்டி வந்தால் பக்கெட் மருமகளுக்கு என்று அறிவித்தேன்.

மறுநாள் சந்தையிலிருந்து திரும்பிய மாமியார்களை மருமகள்கள் இழுத்துக்கொண்டு வந்தார்கள். அதில் அவர்களுக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்க்கவேண்டுமே! ஜெயப்ரியாவின் மாமியார் பாப்பா திட்டிக்கொண்டே வந்தார். "ஒரு பக்கெட்டுக்கு என்னிய வித்துட்டியாடி?"

பாப்பாவுக்குத்தான் கட்டி இருந்தது. இருவரையும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். அங்கே டாக்டர், "சின்னதா இருக்கும்போதே வந்துட்டீங்க. ஆபரேஷன் பண்ணா சரியாயிடும்," என்றார்.

வெளியே வந்த பாப்பா மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த பக்கெட்ட வாசல்ல வெச்சிடாதடி. எவளாச்சும் தூக்கிகினு பூடுவா."