காலையில் ஓடாத என்ஜின்

கே.ஜி.கண்டிகையில் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி பழுது பார்க்கும் கடை என்னுடையது. பதினோரு வருடமாக நடத்துகிறேன். கோயிலில் கிறிஸ்துமஸ் குடில் கட்டும்போது மட்டும் ஒயரைத் தொடுவது ஆண்களின் வேலை. பெண்கள் பஞ்சு ஒட்ட வேண்டும், கேழ்வரகை முளைக்கப் போட்டுப் புல் வளர்க்க வேண்டும்.

போன நவம்பர் கூட்டத்தில் எழுந்து, இந்த வருடம் குடிலைச் சுற்றி ஒரு ரயில் ஓடும், அதை நான்தான் ஓட்டுவேன் என்று சொன்னேன்.

குடில் கமிட்டித் தலைவர் இஸ்ரேல் அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். "பெத்லகேம்ல ஏதும்மா ரயிலு, ப்ளெஸ்ஸி?"

"சீரியல் லைட்டு மட்டும் இருந்துச்சாண்ணே?"

பின்வரிசையில் சிரித்துவிட்டார்கள். அது அவருக்குப் பிடிக்கவில்லை. "சரி. டிசம்பர்ல, திருவருகைக் காலம் மூணாவது ஞாயிறு, காலப்பூச முடிஞ்சதும் ஓட்டிக் காட்டு. ஓடலன்னா பேசாம பஞ்சு ஒட்டப் போயிடணும்."

"ஆங். ஓடுச்சுன்னா கன்ட்ரோலர் என் கையில."

என்ஜினை ஏற்கெனவே வாங்கிவிட்டிருந்தேன். பழைய பொருள் விற்கும் ஓர் இணையதளத்தில் கிடைத்தது. தண்டவாளம், மூன்று பெட்டிகள், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோலர் எல்லாம் சேர்த்து ரேணிகுண்டாவிலிருந்து பரந்தாமன் என்பவர் அனுப்பியிருந்தார். என்ஜின் நீல நிறம், ஒரு சாண் நீளம். 'ஓடும் நிலையில் உள்ளது' என்று எழுதியிருந்தார்.

இது எப்படி ஓடுகிறது என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு தண்டவாளங்களிலும் பன்னிரண்டு வோல்ட் மின்சாரம் வருகிறது. இரும்புச் சக்கரம் அதை வாங்கி மோட்டாருக்குக் கொடுக்கிறது. மோட்டார் தண்டின் முனையில் திருகாணி போல ஒரு பல். அது சக்கர அச்சிலிருக்கும் பிளாஸ்டிக் பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. மோட்டாருக்குள் மிக்ஸியில் இருப்பதுபோலவே இரண்டு கார்பன் பிரஷ்கள், அளவுதான் மிளகு அளவு. பார்சல் வந்த அன்று மத்தியானமே திறந்து, தேய்ந்திருந்த பிரஷ்களை மாற்றினேன். பற்சக்கரங்களில் எண்ணெய் தெளிவாக மினுங்கியது. நல்லவேளை, எண்ணெய் போட்டு வைத்திருக்கிறார் என்று சந்தோஷப்பட்டு மூடினேன். கடை மேஜையில் அழகாக ஓடியது.

மூன்றாவது ஞாயிறு, ஏழரை மணி. கோயிலின் மொசைக் தரையில் கால் வைக்க முடியவில்லை, அவ்வளவு குளிர். தண்டவாளத்தைப் பூட்டி கன்ட்ரோலரைத் திருப்பினேன். என்ஜின் 'ம்ம்ம்' என்று முனகியது. நகரவில்லை. இன்னும் திருப்பினேன். முனகல்தான் கூடியது.

"தூங்கிகினு கீது. எழுப்பாதீங்க பாவம்" என்றார் இஸ்ரேல் அண்ணன்.

எல்லோரும் சிரித்தார்கள். கன்ட்ரோலரை அணைத்தேன். "மேஜைல ஓடுச்சுண்ணே. அடுத்த ஞாயிறு ஒரு வாட்டி பாருங்க."

"அதான் கடைசி. அதுவும் சும்மா ஓடினா போதாது. மூணு பெட்டிய இழுத்துகினு மேட்டுல ஏறணும்."

மேடு என்று அவர் சொன்னது குடிலில் போடும் மலையை. எங்கள் ஊரில் யார் குடில் கட்டினாலும் பெத்லகேம் ஒரு மலையாகிவிடும். பாதை அதைச் சுற்றி ஏறித்தான் போகும்.

கடைக்கு வந்தேன். பதினொரு மணிக்கு மேஜையில் வைத்தால், ஓடுகிறது.

பக்கத்து டயர் கடை சத்தார் எட்டிப் பார்த்தான். "அது ஆபீஸ்காரன் மாதிரிக்கா. பத்து மணிக்கு மேலதான் வேல செய்யும்."

சிரித்துவிட்டு, அப்படியே நின்றுவிட்டேன். ஏழரைக்கும் பதினொன்றுக்கும் என்ன வித்தியாசம்? அதே தண்டவாளம், அதே கன்ட்ரோலர். மாறியது ஒன்றுதான்: என் கடைக்குத் தகரக் கூரை, வெயில் ஏறினால் அடுப்பு.

மறுநாள் காலை ஆறரைக்கு என்ஜினைத் திறந்தேன். முன்பு மினுங்கிய இடமெல்லாம் வெள்ளையாக, மெழுகுபோல் உறைந்திருந்தது. விரலில் எடுத்து முகர்ந்தேன். தேங்காய் எண்ணெய்.

பரந்தாமனுக்கு போன் போட்டேன்.

"செக்குல ஆட்டினதும்மா" என்றார் பெருமையாக. "எங்க வீட்ல எல்லாருக்கும் தலைக்கு அதான்."

"தலைக்கு சரிங்க. என்ஜினுக்கு எதுக்கு?"

"பத்து வருசமா அதான் போடறேன். நல்லா ஓடுமே. சாப்டுட்டு மத்தியானம்தான் ஓட்டுவேன்."

அவர்மேல் கோபப்படவில்லை. டிசம்பரில் குளியலறையில் எண்ணெய் பாட்டிலை வெந்நீரில் வைத்து உருக்குகிற நானும், மத்தியானத்தில் பார்த்துவிட்டு நல்ல எண்ணெய் என்று நம்பியவள்தானே.

பற்சக்கரங்களை வெந்நீரிலும் சோப்பிலும் கழுவினேன். பெட்ரோலில் போட்டால் பிளாஸ்டிக் கெட்டுவிடும். அது இரும்பு அச்சுகளுக்கு மட்டும். பிறகு தையல் மிஷின் எண்ணெய், ஊசி முனையில் எடுத்து இடத்துக்கு ஒரு துளி. நம் ஊர்க் குளிருக்கு அது உறையாது. முன்பு இரண்டு சக்கரங்கள்தான் மின்சாரம் வாங்கிக்கொண்டிருந்தன. மெல்லிய செம்புத் தகடு வெட்டி எட்டுச் சக்கரங்களையும் தொட வைத்தேன். ஒன்று தூசியில் ஏறினாலும் மற்றவை வாங்கிக்கொள்ளும்.

அப்படியும் மூன்று பெட்டிகளோடு, பலகையைச் சாய்த்துச் செய்த மேட்டில் விட்டால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. மோட்டாரில் பலம் இருக்கிறது, பிடிப்பு இல்லை. சக்கரத்தை எவ்வளவு எடை அழுத்துகிறதோ அவ்வளவுதான் பிடிப்பு. சத்தாரிடம் வீல் பேலன்ஸுக்கு ஒட்டும் ஈயக் கட்டிகள் கேட்டேன்.

"லாரிக்கு ஒட்றத இந்த எலிக்குட்டிக்கா, அக்கா?"

"மலை ஏறப் போற எலி."

மூடிக்குள் அறுபது கிராம் ஒட்டினேன். சனிக்கிழமை வரை தினமும் ஆறரைக்கே, பனி விழும் கடை வாசலில் ஓட்டிப் பார்த்தேன்.

நான்காவது ஞாயிறு. தரை முன்பைவிடக் குளிர்ந்திருந்தது. மூன்று பெட்டிகளையும் மாட்டி, குமிழைக் கால்வாசி திருப்பினேன். என்ஜின் சத்தமில்லாமல் கிளம்பியது. மேட்டின் அடியில் கொஞ்சம் கூட்டினேன். ஏறியது. உச்சி வளைவில் குறைத்தேன். இறங்கியது. பெண்கள் கேழ்வரகுத் தட்டுகளைக் கையில் பிடித்தபடியே பக்கத்தில் வந்து நின்றார்கள்.

இஸ்ரேல் அண்ணன் குனிந்து இரண்டு சுற்று பார்த்தார். "நல்லாத்தான் கீது. இருபத்து நாலாம் தேதி ஒயர் வேல பாக்கற நம்ம எலியாஸ் ஓட்டுவான். நீ முன்னாடி உக்காந்து பாரு, குடும்மா" என்று கையை நீட்டினார்.

நான் கன்ட்ரோலரைக் கீழே வைக்கவில்லை. ரயில் மேட்டுக்கு வந்துகொண்டிருந்தது. இந்த இடத்தில் கூட்டாவிட்டால் நின்றுவிடும். கூட்டினேன்.

"ஓடுச்சுன்னா என் கையிலன்னு அன்னிக்கே பேசிட்டோம்ணே. எலியாஸ்கிட்ட ஒரு ஸ்டூல் எடுத்தாரச் சொல்லுங்க. நின்னுகினே ஓட்டினா கால் வலிக்குது."

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, வளைவைப் பார்த்தேன். ரயில் இன்னும் நான்கு சுற்று போனது. பிறகு அவர் நீட்டிய கையை எடுத்து, சட்டைப் பையில் கண்ணாடியைத் தேடினார்.

ஸ்டூல் வரவில்லை. இருபத்து நாலாம் தேதி நானே ஒன்று கொண்டுவருகிறேன் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, என்ஜினையும் கன்ட்ரோலரையும் என் பெட்டியில் வைத்தேன்.