அனிபால் டெச்சேரா குடித்த தண்ணீர்

மொந்தெவிதேயோவில் செர்ரோ குன்றுக்குக் கீழே, ஒரு மருந்துக்கடையின் மாடியில்தான் எங்கள் வட்டார வானொலி. பதினோரு வருடமாக அதில் காலை நிகழ்ச்சி நடத்துகிறேன். என் பெயர் எடிசன். அப்பா ஆசைப்பட்டு வைத்த பெயர். நான் பல்பு மாட்டினால்கூட ஃபியூஸ் போய்விடும்.

வியாழக்கிழமை பத்து மணி இர்மா பெந்தான்கோருக்கு. அணைகளின் நீர்மட்டத்தைக் கவனிக்கும் இன்ஜினியர். ஐம்பத்தெட்டு வயது, மெல்லிய குரல், எப்போதும் ஒரே சாம்பல் நிற ஸ்வெட்டர். உலகம் முழுக்க நல்ல தண்ணீர் குறைந்துகொண்டே வருகிறது, நம் ஊருக்கும் அந்த நாள் வரும், இப்போதே ஏதாவது செய்ய வேண்டும் என்று வாரம் தவறாமல் சொல்வார். கேட்பவர்கள் சிரிப்பார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஓடை, ஆறு, பச்சைப் புல்வெளி. குழாயைத் திறந்து அப்படியே வாய் வைத்துக் குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள். சிரிக்காமல் என்ன செய்வோம்?

சிரித்தவர்களில் முதல் ஆள் அனிபால் டெச்சேரா. கப்பல்களைத் துறைமுகத்துக்குள் இழுத்து வரும் படகை நாற்பது வருடம் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருடம். குன்றுச் சரிவில் பூனையோடு தனியாக இருந்தார். இர்மா பேசி முடித்த மறு நிமிடம் தொலைபேசி அடிக்கும்.

"வணக்கம் இன்ஜினியர் அம்மா. இன்னைக்கு எந்த ஆறு வத்துது?"

"வணக்கம் டோன் அனிபால். உங்க கேலி மட்டும் இன்னும் வத்தல." டோன் என்றால் எங்கள் ஊரில் ஐயா.

"நான் ஜன்னலத் தெறந்தா எதுத்தாப்புல ஆறு. அக்கரை கண்ணுக்குத் தெரியாது. அது தீந்துபோகும்னா என் பூனைகூட நம்பாது."

"அது பாதி கடல். அதக் குடிக்க முடியாது."

"மேல போன தண்ணி கீழ வந்துதான ஆகணும்? வேற எங்க போகும், சந்திரனுக்கா? என் வயசுக் காலத்துல பெட்ரோல் தீந்துடும்னாங்க. அப்புறம் ரெண்டாயிரம் பொறந்தா கம்ப்யூட்டர் எல்லாம் நின்னுடும்னாங்க. அத நம்பி நாலு மூட்ட அரிசி வாங்கிப் போட்டேன். வண்டு வெச்சுது. மூணு மாசம் பொண்டாட்டிகிட்ட பேச்சு வாங்கினேன். இனிமே எவன் வந்து சொன்னாலும் நம்பறதா இல்ல."

அவர் இப்படி வம்பிழுப்பதைக் கேட்கவே ஜனங்கள் ரேடியோவைப் போட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் நானும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினேன். ஒரு தடவை அதில் வரம்பு மீறிவிட்டேன். "பொத்தாம் பொதுவா சொல்றீங்களே, ஒரு தேதி சொல்லுங்களேன்" என்று நிகழ்ச்சி நடக்கும்போதே இர்மாவை நெருக்கினேன். அவர் தயங்கினார். நான் விடவில்லை. கடைசியில், "இப்படியே போனா, வர்ற மார்ச்சுக்குள்ள தண்ணிக்கு வரிசையில நிப்போம்" என்றார்.

அந்த மார்ச்சில் பேய்மழை கொட்டியது. அனிபால் தொலைபேசியில் வந்தார். பின்னால் தண்ணீர் சலசலக்கும் சத்தம் கேட்டது.

"இன்ஜினியர் அம்மா, எங்க வீட்டு முத்தத்துல பஞ்சம் முழங்கால் அளவு வந்துடுச்சு. பூனைய அலமாரி மேல ஏத்திட்டேன். அடுத்து என்ன பண்றதுன்னு சொல்லுங்க."

ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. இர்மாவும் சிரித்தார். ஆனால் ஸ்டுடியோவை விட்டு வெளியே வந்ததும் படிக்கட்டில் உட்கார்ந்து ரொம்ப நேரம் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் தேதி என்று எதையுமே சொன்னதில்லை. அனிபாலோ ஒவ்வொரு மார்ச்சிலும் மறக்காமல் அழைத்து, பஞ்சத்துக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னார்.

ஏழு வருடம் இப்படியே போனது. பிறகு மூன்று வருடம் தொடர்ந்து மழை பொய்த்தது. முதல் வருடம் புல் பழுத்தது. இரண்டாம் வருடம் மாட்டுக்காரர்கள் புலம்பினார்கள். மூன்றாவது கோடை முடிந்தபோது நகரத்துக்குத் தண்ணீர் கொடுக்கும் அணையின் அடியில் சேறு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. இருந்த கொஞ்சம் நல்ல தண்ணீரோடு, ஆறு கடலைத் தொடும் இடத்துத் தண்ணீரையும் கலந்து விடுவதைத் தவிர வேறு வழியில்லாமல் போனது. எங்களுக்கு மே மாதம் குளிர் தொடங்கும் நேரம். ஒரு காலை நான் சுரைக்குடுவையில் இலையைப் போட்டு, வெந்நீர் ஊற்றி, எங்கள் ஊர்த் தேநீரான மாத்தேயை ஒரு உறிஞ்சு உறிஞ்சினேன். உப்பு. கெட்டில் கழுவாமல் போனது என் குற்றம் என்று நினைத்து மனைவியிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அந்த வியாழக்கிழமை தொலைபேசி ஓயவில்லை. அப்போதுகூட நம்பாதவர்கள்தான் அதிகம். ஒரு அம்மா, "இது பாட்டில் தண்ணி விக்கிறவன் வேலை, நான் எழுதித் தரேன்" என்றார். இன்னொருவர் அது தேர்தல் தந்திரம் என்றார். ரத்த அழுத்தம் உள்ளவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்று இர்மா மூன்று தடவை சொன்னார். "அந்த மார்ச் மாதிரியா?" என்று யாரோ கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்தார்கள்.

அனிபால் கூப்பிடவில்லை. அடுத்த வாரமும் கூப்பிடவில்லை. மூன்றாவது வாரம் நிகழ்ச்சி முடிந்ததும் இர்மா ஹெட்போனைக் கழற்றி மேசை மேல் வைத்தார்.

"அந்த மனுஷன் எங்க, எடிசன்?"

"வெக்கமா இருக்கும். இத்தன வருஷம் கிண்டல் பண்ணிட்டு இப்ப எப்படிப் பேசுவாரு?"

"அவருக்கா வெக்கம்? போன வருஷம் பிரஷர் மாத்திரை விலை ஏறிடுச்சுன்னு லைன்லயே சண்ட போட்டாரே, ஞாபகம் இருக்கா?"

எனக்கு ஞாபகம் வந்தது. கொஞ்சம் பயமும் வந்தது.

மதியம் இர்மாவின் சின்னக் காரில் பின்சீட்டு நிறையத் தண்ணீர் பாட்டிலோடு போனோம். அனிபால் கதவைத் திறக்க நேரம் எடுத்துக்கொண்டார். ரேடியோவில் கேட்ட குரலுக்கு நான் மனதில் வைத்திருந்த ஆள் ஆறடி. எதிரே நின்றவர் என் தோளுக்குத்தான் இருந்தார். நல்ல குளிரில் வெறும் காலோடு நின்றார். கால் இரண்டும் மாவு பிசைந்து வைத்தது போல் வீங்கியிருந்தன.

"ரேடியோவே வீட்டுக்கு வந்துடுச்சா?" என்றவர், இர்மாவைப் பார்த்துக் கொஞ்சம் தடுமாறினார். "குரலுக்கும் ஆளுக்கும் சம்பந்தமே இல்லையே அம்மா. நான் கொஞ்சம் கடுகடுன்னு எதிர்பாத்தேன்."

"நான் உங்கள உயரமா எதிர்பாத்தேன்" என்றார் இர்மா.

உள்ளே உட்கார வைத்தார். நாங்கள் பாட்டில்களைச் சுவரோரம் வைத்ததை அவர் பார்க்காதது போல் இருந்தார். அடுப்பில் கெட்டில் இருந்தது. மாத்தே போட்டு, முதல் குடுவையைத் தான் குடித்துவிட்டு, அடுத்ததை இர்மாவிடம் நீட்டினார். குழாய்த் தண்ணீர் என்பது பார்த்தாலே தெரிந்தது. இர்மா வாங்கி, முகம் மாறாமல், சத்தம் வரும்வரை கடைசிச் சொட்டையும் உறிஞ்சிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார் அனிபால்.

"கண்றாவியா இருக்கு."

"எனக்கு ஒண்ணும் தெரியல. நாப்பது வருஷம் மேல தெறிச்ச தண்ணிதான இது."

"ஒரு நாளைக்கு எத்தன கெட்டில்?"

"மூணு. குளிர் ஜாஸ்தியானா நாலு."

"இந்தக் காலோட எத்தன நாளா நடக்கறீங்க?"

அவர் கால்களை நாற்காலிக்குக் கீழே இழுத்துக்கொண்டார். "நீங்க மார்ச்சுல பஞ்சம்னு சொன்னவங்க. உங்க பேச்சக் கேட்டு நான் எழுபத்தோரு வயசுல தண்ணிக்கு பயப்படணுமா?"

நான் குறுக்கே பேச வாயெடுத்தேன். இர்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது தப்பு, டோன் அனிபால். தெரியாத தேதியத் தெரிஞ்ச மாதிரி சொன்னேன். மறு வாரமே ரேடியோல வந்து, நான் சொன்னது தப்புன்னு சொல்லியிருக்கணும். சொல்லல. சிரிச்சு மழுப்பிட்டேன். அன்னைக்கு ஒத்துக்கிட்டிருந்தா இன்னைக்கு நான் சொல்றத நாலு பேராவது கேட்டிருப்பாங்க. நீங்களும் கேட்டிருப்பீங்க."

"தேதி கேட்டு நச்சரிச்சது நான்தான்" என்றேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை.

அனிபால் கொஞ்ச நேரம் குடுவையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தார். பூனை வந்து ஒரு பாட்டிலை முகர்ந்துவிட்டுப் போனது.

"ஷூ போட முடியல அம்மா" என்றார் மெதுவாக. "பத்து நாளா. ராத்திரி படுத்தா மூச்சு முட்டுது. யார்கிட்டச் சொல்றது? மகன் ஸ்பெயின்ல இருக்கான். சொன்னா பயந்துடுவான். ரேடியோவுக்கு போன் பண்ணலாம்னு நம்பர் போடுவேன். பண்ணினா, தண்ணிதான் காரணம்னு நீங்க சொல்லிடுவீங்க. அந்த பயத்துல வெச்சிடுவேன்."

இர்மா எழுந்து போய் கட்டிலடியில் கிடந்த செருப்பைத் தேடி எடுத்துவந்தார். குனிந்து அவரே மாட்டிவிட்டார். அனிபால் வேண்டாம் வேண்டாம் என்றபடியே காலை நீட்டினார்.

மருத்துவமனையில் அழுத்தம் பார்த்த நர்ஸ் கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து வேறொன்றை எடுத்துவந்தாள். அதுவும் அதையேதான் காட்டியது. ஒரு வாரம் படுக்க வைத்தார்கள். இர்மா தினமும் வேலை முடிந்து போய் வந்தார். போகும்போது செய்தித்தாள் கொண்டுபோவார். அனிபால் ஒவ்வொரு செய்தியையும் பொய் என்று சொல்வார். இருவரும் சண்டை போட்டுக்கொள்வார்கள். பக்கத்துப் படுக்கைக்காரர், புருஷன் பெண்டாட்டிக்கு இடையில் நாம் எதற்கு என்று திரைச்சீலையை இழுத்து விட்டுக்கொண்டாராம். இதை என்னிடம் சொன்னது அனிபால். சொன்ன விதத்தில் அவருக்கு அது பிடித்திருந்தது தெரிந்தது.

வீட்டுக்குப் போன அடுத்த வியாழன் அவரே ஸ்டுடியோ படியேறி வந்தார். மூச்சு வாங்க உட்கார்ந்து, மைக்கை என்னிடமிருந்து தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நான் அனிபால் டெச்சேரா. படகுக்காரன். இந்தம்மா சொல்றதெல்லாம் கட்டுக்கதைன்னு இத்தன வருஷமா இதே ரேடியோல சொன்னவன். உலகத்துல தண்ணி தீருமா தீராதான்னு எனக்கு இன்னும் தெரியாது. ஆனா என் குழாய்ல வர்றது ஆகாது. குடிச்சுப் பாத்துட்டேன். சாக இருந்தேன். பிரஷர் இருக்கறவங்க குடிக்காதீங்க. உங்க பக்கத்து வீட்ல என்ன மாதிரி ஒரு வீம்புக்காரக் கிழவன் இருந்தா, கதவத் தட்டி அவன் காலப் பாருங்க. வாயப் பாக்காதீங்க, வாய் பொய் சொல்லும்."

அன்று மாலையே ஒருவர் எட்டு பாட்டில்களோடு மருந்துக்கடை வாசலில் நின்றார். யாருக்குக் கொடுப்பது என்று கேட்டார். மறுநாள் நாங்கள் ஒரு பட்டியல் போட வேண்டியதாயிற்று. தெருத்தெருவாக ஆட்கள் கதவைத் தட்டினார்கள். பாட்டில் வியாபாரியின் சூழ்ச்சி என்று சொன்ன அம்மா, தன் அக்காவை இழுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினதாகத் தொலைபேசியில் அழுதார்.

இர்மா பட்டியலின் ஒரே பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன யோசன?" என்று கேட்டேன்.

"பதினோரு வருஷமா புள்ளிவிவரம் வெச்சு, கணக்குப் போட்டுச் சொன்னேன், எடிசன். இவரு ரெண்டு நிமிஷம் பேசினாரு." பிறகு சிரித்தார். "கொஞ்சம் வயித்தெரிச்சலா இருக்கு. போகட்டும். நல்லதுதான்."

ஆகஸ்டில் மழை பிடித்தது. நான்கு நாள் விடாமல் பெய்தது. குழாய்த் தண்ணீர் மெல்ல மெல்லப் பழைய ருசிக்குத் திரும்பியது. "பாத்தீங்களா, மேல போனது கீழ வந்துடுச்சு" என்று அனிபால் தொலைபேசியில் கத்தினார். "மூணு வருஷம் லேட்டா" என்றார் இர்மா. ஊரும் மறக்க ஆரம்பித்தது. செப்டம்பரில் யாரும் தண்ணீரைப் பற்றிப் பேசவில்லை. கால்பந்தைப் பற்றிப் பேசினார்கள்.

அக்டோபரில் ஒரு ஞாயிறு அனிபால் எங்கள் இருவரையும் சாப்பிடக் கூப்பிட்டார். முற்றத்தில் கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் புதிதாக ஒரு பெரிய நீலத் தொட்டி நின்றது. அவர் அளவுக்கே உயரம். குழாய், மூடி, இலை தழை போகாமல் வலை எல்லாம் கச்சிதமாகப் பொருத்தியிருந்தார்.

இர்மா அதைச் சுற்றி வந்தார். விரலால் தட்டிப் பார்த்தார். "ஆயிரம் லிட்டர்" என்றார்.

"தக்காளிச் செடிக்கு" என்றார் அனிபால், கரியில் இறைச்சியைப் புரட்டியபடியே.

"எந்தத் தக்காளிச் செடி?"

முற்றத்தில் சிமெண்டைத் தவிர எதுவும் இல்லை. நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"வெக்கப் போறேன்" என்றார் அவர். "தொட்டி மொதல்ல. செடி அப்புறம். எதுக்கும் ஒரு வரிச இருக்குல்ல அம்மா?"

"இருக்கு" என்றார் இர்மா.

அடுத்த ஞாயிறு இர்மா ஒரு அட்டைப்பெட்டியில் பன்னிரண்டு நாற்றுகள் கொண்டுபோனார். சிமெண்டைப் பெயர்க்க என் முதுகு வேண்டியிருந்தது. இருவரும் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரே குடுவையை மாற்றி மாற்றிக் குடித்துக்கொண்டு, குழி எவ்வளவு ஆழம் வேண்டும் என்பதில் சண்டை போட்டார்கள். நான் தோண்டிக்கொண்டிருந்தேன்.