மூன்றாவது கட்டம்

திருமுல்லைவாயில் ஸ்டேஷன் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் எழிலரசிக்கு வேலை. மாடியில் இருக்கும் பயிற்சி மையத்துக்கு வினாத்தாள் தட்டச்சு செய்ய வேண்டும். பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவள், பட்டதாரிகள் எழுதும் தேர்வுக்குக் கேள்வி அடித்துக்கொண்டிருப்பது அவளுக்கே வேடிக்கையாக இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை, பையிலிருந்த நோட்டில் எழுதினாள். அவள் பேச்செல்லாம் அந்த நோட்டோடு சரி.

"இன்னாமா, வாயில கொழுக்கட்டையா? காலைலேர்ந்து ஒரு வார்த்த பேசல நீ," என்றாள் கடைக்கார ஜமீலா அக்கா.

எழிலரசி சிரித்து வைத்தாள்.

அந்தச் சனிக்கிழமைத் தாளில் ஒரு கேள்வி. ஏரிக்கரையில் விளக்குப் போட்டதால்தான் நடக்க வருபவர்கள் கூடிவிட்டார்கள் என்கிறார் வெங்கட். கூடியது உண்மைதான், ஆனால் பாதையைச் சரிசெய்ததுதான் காரணம், விளக்கு அல்ல என்கிறார் கௌதம். இருவரும் எதில் மாறுபடுகிறார்கள்?

விளக்கு வேண்டுமா வேண்டாமா என்பதில், என்று மனதுக்குள் விடை போட்டாள். விடைக்குறிப்பை அடிக்கும்போதுதான் அது தப்பென்று தெரிந்தது. விளக்கு வேண்டாம் என்று கௌதம் எங்குமே சொல்லவில்லை. கூட்டத்துக்குக் காரணம் விளக்கா என்பதில் மட்டும்தான் சண்டை. கீழே விளக்கம் இருந்தது: 'ஒவ்வொரு விடையையும் இருவரிடமும் கேட்டுப் பாருங்கள். ஒருவர் ஆம் என்று, மற்றவர் இல்லை என்று சொன்னால் மட்டுமே அது கருத்து வேறுபாடு. வாய் திறக்காதவருக்கு மாறுபட்ட கருத்து இருப்பதாகக் கொள்ளக் கூடாது.'

கடைசி வரியை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

நோட்டின் நடுவே ஒரு படிவம் மடித்திருந்தது. பத்தாம் வகுப்பைத் தனியாக எழுத டுடோரியலில் சேரும் படிவம். எல்லாம் நிரப்பியாயிற்று, பெற்றோர் கையெழுத்துத்தான் பாக்கி. திங்கட்கிழமை கடைசி நாள். அம்மாவிடம் நீட்டலாம் என்றிருந்தாள். இரண்டு வருடமாக அவளுக்காக அப்பாவோடு சண்டை போடுகிறவள் அம்மாதானே.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மண்ணூர்பேட்டை வீட்டில் அந்தச் சண்டை மறுபடி வந்தது. எதிர்வீட்டு ஹேமாவதி பிளஸ் டூ பாஸாகி லட்டு கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.

"நம்ம எயிலோட ஒரே பெஞ்ச்சு," என்றாள் அம்மா சித்ரா, வஞ்சிரத்தைக் கழுவிக்கொண்டே. "நீ ஒருநாள் ஸ்கூலுக்கு வந்து எச்.எம்.ஆண்ட பேசியிருந்தா, இதுவும் இன்னிக்கி லட்டு குடுத்துகினு இருக்கும்."

"அம்மை போட்டுச்சின்னு ரெண்டு மாசம் ஊட்லயே வெச்சிகினது யாரு, நானா?" என்றார் அப்பா கஜபதி. தொழிற்பேட்டையில் லேத் மெஷின் ஓட்டுகிறவர், வீட்டிலும் அந்தச் சத்தத்துக்கு மேலேதான் பேசுவார்.

"ஸ்கூல்ல பேர அடிக்கறப்போ நீ எங்க போய் இருந்த?"

"நீ அனுப்பாதனாலதான்டி அடிச்சாங்கோ!"

எழிலரசிக்கு இந்தச் சண்டை கொஞ்சம் பிடிக்கும். இரண்டு பேர் அவள் பேரைச் சொல்லிக்கொண்டிருப்பது இதில் மட்டும்தான். கட்டிலில் உட்கார்ந்து நோட்டில் கோடு போட்டு, மேலே அப்பா, அம்மா என்று எழுதினாள். படிப்பு நின்றது அம்மாவால்: அப்பா ஆம், அம்மா இல்லை. படிப்பு போனது கஷ்டம்: இருவரும் ஆம். எழில் மறுபடி படிக்க வேண்டும்:

அங்கே பேனா நின்றது. இரண்டு வருடத்துச் சண்டைகளையும் ஓட்டிப் பார்த்தாள். அந்தக் கேள்விக்கு ஒரு பதிலும் அதில் கிடைக்கவில்லை.

"சரி வுடு," என்றார் அப்பா. "இனிமே படிச்சி இன்னா பண்ணப் போவுது? கடைல நல்லாத்தான கீது."

"இனிமே படின்னு நான் சொன்னனா? போனது போனதுதான். யாரால போச்சின்னுதான் கேக்கறேன்."

இல்லை, இல்லை என்று எழுதினாள். பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் ஒரே சொல். இத்தனை நாளும் அவளுக்காக யாரும் சண்டை போடவில்லை. அவள் பேரை வைத்து அவர்கள் தங்களுக்காகப் போட்டுக்கொண்ட சண்டை அது.

பக்கத்தில் இன்னொரு கோடு இழுத்தாள். எழில். அந்தக் கட்டம் மேலிருந்து கீழ்வரை காலி. விடைத்தாளைத் திருத்துகிறவர் பார்த்தால், இவளுக்கும் வேறு கருத்து இல்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்.

ஆம் என்று எழுதினாள். படிவத்தை எடுத்துக்கொண்டு சமையலறை வாசலுக்குப் போனாள்.

"நான் படிக்கிறேன்."

இருவரும் திரும்பினார்கள்.

"இன்னாது?"

"படிக்கணும்ப்பா. இதுல ஒரு கையெழுத்து. நாளைக்குக் கடைசி நாளு."

"தோடா," என்று அப்பா சிரித்தார். "வாயத் தொறந்துச்சிப்பா!"

அம்மா சிரிக்கவில்லை. "இம்மா வயசுக்கு மேல சின்னப் பசங்களோட போய் உக்காருவியா? நாலு பேரு இன்னா சொல்லுவாங்கோ?"

"உங்கம்மா சொல்றது கரீட்டுதான்," என்றார் அப்பா.

அம்மா அவரைத் திரும்பிப் பார்த்து, ஆமாம் என்பதுபோல் தலையாட்டினாள். இரண்டு வருடத்தில் அவர்கள் ஒரே பக்கம் நின்று அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை. நடுவில் மீன் கழுவிய தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்பறம் பாக்கலாம் போ," என்றார் அப்பா.

"நாளைக்குக் கடைசி நாளு," என்றாள் மறுபடியும். நீட்டிய கை வலித்தது. மடக்கவில்லை.