இதயம் தீர்ந்த தக்காளி

...அப்படியானால் அது சாகவே இல்லை, சாகாத ஒன்றுக்குத்தான் கல்லறை கட்டியிருக்கிறான், அதுவும் ஏனோதானோவென்று கட்டியதா, சாம்பல் நிறக் கல், கல்லின் ஒரு பக்கம் நிழல், உச்சியில் வாடிய ஓர் இலை என்று போன் திரையில் கட்டம் கட்டமாக நிறம் நிரப்பி ஒரு ஞாயிற்றுக்கிழமையையே அதற்குத் தாரை வார்த்திருக்கிறான், இப்போது பார்த்தால், துணி துவைக்கும் இயந்திரத்தைக் குழாய்க்காரரும் அவனுமாக மூச்சுப் பிடித்து நகர்த்திய இடத்தில், பால்கனி மூலையில், அந்தத் தக்காளி சுவரைப் பிடித்துக்கொண்டு கம்பி வரை ஏறி, கம்பிக்கு வெளியே தலையை நீட்டி, வெயிலில் மஞ்சள் பூவோடு நிற்கிறது... வெளியே தெரிந்த அந்தப் பச்சையை அவன் பார்க்காமல் இல்லை, பக்கத்து வீட்டுக் கொடி என்று நினைத்திருந்தான், தன்னுடையது இல்லையென்றால் யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? குழாய்க்காரர் கை விளக்கைத் தரைப்பக்கம் பிடித்து, "இதோ பாருங்க சார், உங்க வீட்டு ஆளு கீழ்வீட்டுக்குக் குடி போயிட்டிருக்காரு" என்றார். விளக்கு வெளிச்சத்தில் வேர், தொட்டியின் அடித்துளை வழியாக வெளியே வந்து, தரை ஓடுகளின் இடைக்கோட்டைப் பிடித்து, வளையாமல் நெளியாமல், வரும்போது நூல் மாதிரியும் போகப்போகக் கயிறு மாதிரியும், தண்ணீர் போகும் ஓட்டைக்குள் இறங்கிக் காணாமல் போயிருந்தது.

அந்த ஓட்டை அடைத்துக்கொண்டதால்தான் பால்கனியில் நின்ற தண்ணீரெல்லாம் கசிந்து கீழ்வீட்டு அம்மாவின் கட்டில் மேல் சொட்டியிருக்கிறது, அந்த அம்மா காலையில் நனைந்த தலையணை உறையோடு மேலே வந்து, "தம்பி, என் மெத்தையில மீனு வளக்கலாம், குஞ்சு மட்டும் வாங்கிக் குடுத்துருங்க" என்று சொன்னபோது அவனுக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது... ஏதோ குழாய் விரிசல் என்று நினைத்தான், தன் தோட்டம் என்று நினைக்கவில்லை, தோட்டம்தான் அடுப்படிச் சுவரில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்ததே, பழைய போன் ஒன்றைச் சுவரில் ஒட்டி, அதில் ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு பொம்மை, பொம்மை தலைக்கு மேல் மூன்று இதயம், மண்ணில் குத்திவைத்த கருவி ஈரம் குறைகிறது என்றால் ஓர் இதயம் அணையும், உடனே குட்டி மோட்டார் ஓடிக் குழாயில் சொட்டுச் சொட்டாக நீர் விழும், இதயம் திரும்ப எரியும், பொம்மை ஒரு குதி குதிக்கும்... வெற்றிலைக் கொடிக்கு மீசை கூட வைத்திருந்தான். வேலையிடத்தில் அவனுக்குச் சர்க்யூட்டு என்று பெயரே வந்தது இந்தப் பைத்தியத்தால்தான். லிஃப்ட் சரிபார்க்கிற வேலை, நாள் முழுக்க எண்ணெயும் கம்பிவடமும், வீட்டுக்கு வந்தால் இந்தப் பொம்மைகள் குதிப்பதைப் பார்த்துக்கொண்டு ஒரு காபி... எவ்வளவு சுகமாக இருந்தது. அதில் ஒரு விதி வைத்தான், தலையில் குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது இப்போது, மூன்று இதயமும் அணைந்தால் அந்தச் செடி முடிந்தது, கல்லறை எழும்பும், அதன் குழாய் மூடிக்கொள்ளும், செத்ததற்கு எதற்குத் தண்ணீர்? விடலைப் பருவத்திலிருந்து ஆடிய வீடியோ ஆட்டங்களில் எல்லாம் அவனுக்குப் பிடிக்காதது அதுதான், செத்தவன் ஒரு பொத்தானை அழுத்தியதும் தூசி தட்டிக்கொண்டு எழுந்து வருவது, சாவுக்கென்று ஒரு மரியாதை வேண்டாமா என்று வாதாடுவான், ஆகவே திரும்பி எழ வழியே வைக்கவில்லை, அந்த மரியாதையைத்தான் இதற்குச் செய்திருக்கிறான்.

கருவியின் ஒயர் பிடுங்கிக் கிடந்தது. அவ்வளவுதான். இயந்திரத்தை இந்த மூலைக்குத் தள்ளிய நாளில் உருவிக்கொண்டிருக்கும், ஒயர் பேசாமல் போனதும் திரை வறட்சி என்று எடுத்துக்கொண்டு, மோட்டாரை ஓட்டிப் பார்த்து, ஒன்றும் மாறாததால் ஒவ்வொரு இதயமாக அணைத்து, கல்லை எழுப்பிவிட்டது, அவனும் ஐயோ பாவம் என்று ஒரு வாய் காபி கூடுதலாகக் குடித்தான், நான்கு எட்டு வைத்துப் பால்கனிக்குப் போகவில்லை... புதிதாக வேலைக்கு வருகிறவர்களை என்ன பேச்சுப் பேசுவான், "போர்டுல லைட்டு எரியலேன்னா லிஃப்ட் நின்னுடுச்சுன்னு அர்த்தமா? பல்பு போயிருக்கும்யா, கதவைத் திறந்து எட்டிப் பாருய்யா" என்று, வாய் கிழியக் கத்துவானே...

சரி, அவன் எட்டிப் பார்க்கவில்லை, இந்தச் செடி என்ன செய்தது? சொட்டிக்கொண்டிருந்த நீர் திடீரென்று நின்றபோது இதற்கு என்ன தோன்றியிருக்கும்? தோன்றுமா? முட்டி போட்டுக் குனிந்து, குழாய்க்காரரின் விளக்கை வாங்கி, தொட்டியைச் சுற்றித் தடவிப் பார்த்தான், அப்போதுதான் மற்ற வேர்களைக் கண்டான். ஒன்று சுவர்ப்பக்கம் போய்ச் சுவரில் முட்டிப் பழுப்பாகக் காய்ந்திருந்தது, ஒன்று கதவுப்பக்கம் ஒரு சாண் வந்து நின்றுவிட்டது, இன்னொன்று தொட்டியையே சுற்றிச் சுற்றி வந்து தன்மேலேயே ஏறிக் கருகியிருந்தது... ஆக அதற்கும் வழி தெரியாது. தெரிந்துகொண்டு போகவில்லை. எல்லாப் பக்கமும் கை நீட்டியிருக்கிறது, அறையின் ஏசியிலிருந்து வடியும் தண்ணீர் அந்த ஓட்டையில் விழுகிற ஈரம் எப்படியோ ஒரு கைக்குப் பட்டிருக்கிறது, பட்ட கை மட்டும் போனது, கண் இல்லை, கருவி இல்லை, சொல்லிக்கொடுத்த நிரல் இல்லை, சுடுகிற ஓட்டின் மேல், இருட்டில், அவன் பத்தடி தள்ளி அதற்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தபோது... அவனுக்குக் கோயிலில் நிற்கிற மாதிரி இருந்தது, நிற்கவில்லை, துணி சோப்பு நாற்றத்தில் முழங்கால் நனைய மண்டியிட்டிருந்தான், ஆனாலும்.

"இதைப் பாரேன், இது உயிரோட இருக்கு!" என்று கத்தினான். மனைவி துணிக்கூடையோடு வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். "ஆமா, இருக்கு. இதுலேர்ந்துதானே பறிச்சுப் பறிச்சுச் சமையல்ல போடறேன்."

"நீ சொல்லவே இல்லையே?"

"சொன்னேனே. நம்ம தக்காளி காய்ச்சிருக்குங்கன்னு சொன்னேன். போனைப் பாத்துக்கிட்டே, அது செத்துப்போச்சுன்னு சொன்னீங்க. சரி, செத்ததுலேர்ந்து பறிச்சுக்குவோம்னு விட்டுட்டேன்."

குழாய்க்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். தின்றிருக்கிறான், அதையும் தின்றிருக்கிறான், புளிப்பு நன்றாக இருக்கிறதே என்று ஒரு நாள் சொன்னது கூட நினைவு வருகிறது... "வெட்டிடவா சார், இன்னொரு வீட்டுல மோட்டார் ஓடாமக் கெடக்கு" என்று குழாய்க்காரர் கத்தியை எடுத்தபோதுதான் விளங்கியது, இதை இப்போது வெட்ட வேண்டும். உயிரோடு இருக்கிறது என்று தெரிந்து கால் மணி கூட ஆகவில்லை. இழுத்து எடுக்க முடியாதா என்று கேட்டான், உள்ளே தாடி மாதிரி அடர்ந்திருக்கு, இழுத்தால் குழாயே கையோடு வரும் என்றார் அவர், பாதியை மட்டும் வெட்டினால்? பாதி அடைக்கும். பூ காயாகும் வரைக்குமாவது... மாடிப்படியிலிருந்து கீழ்வீட்டு அம்மா குரல் கொடுத்தார், "அதுவரைக்கும் நான் குடை பிடிச்சுக்கிட்டா படுக்கணும் தம்பி?" அதுவும் நியாயம். அந்த அம்மாவுக்கு வயது என்ன, ஈரச் சுவர் பக்கத்தில் இருமிக்கொண்டு... தொட்டியில் ஒரு குவளை நீர் ஊற்றிப் பார்த்தான், வெடித்த மண் வாங்காமல், ஊற்றியது ஊற்றியபடியே அடியில் ஓடி வந்தது. தொட்டி அதற்கு வீடே இல்லை, நிற்பதற்கு ஓர் இடம், அவ்வளவுதான், வாழ்வு முழுக்க அந்தக் குழாய்க்குள்.

"குடுங்க, நானே வெட்டறேன்."

ஈரக் கயிற்றை அறுப்பது போல இருந்தது, ஒரே அறுப்பில் வரவில்லை, மூன்றாவது இழுப்பில் விட்டது. செடிப்பக்கத்து முனை அப்படியே கிடந்தது. ஓட்டைப்பக்கத்து முனையில், அவன் பார்த்துக்கொண்டே இருக்க, ஒரு துளி நீர் ஊறி, உருண்டு, பெரிதாகி வழிந்தது, பின்னாலேயே இன்னொன்று... உள்ளே இருக்கிற வேர் இன்னும் நீரை ஏற்றி அனுப்பிக்கொண்டிருக்கிறது, மேலே வாங்க ஆள் இல்லை என்று அதற்குத் தெரியாது. அவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டான். குழாய்க்காரர் கம்பியை விட்டுத் திருகி, நனைந்த பூனை மாதிரி ஒரு கொத்து வேரை வெளியே இழுத்துப் போட்டார், தேங்கிய நீர் மடமடவென்று இறங்கியது, கீழ்வீட்டு அம்மா, "போகுது போகுது, சத்தம் கேக்குது" என்று அங்கிருந்தே வாழ்த்தினார், குழாய்க்காரர் அடுத்த வீட்டுக்குக் கிளம்பிப் போனார்.

வறண்ட மண்ணை விரலால் கிளறிக் கிளறி, குவளை குவளையாக, மெதுவாக, ஒன்று ஊறிய பிறகு இன்னொன்று என்று அவன் ஊற்றிக்கொண்டிருந்தான், மனைவி அடுத்த குவளையை நிரப்பிக் கொண்டுவந்து வைத்தாள். "பிழைச்சுக்குமாங்க?" என்றாள். அவன் அண்ணாந்து பார்த்தான், மேலே இலைகள் வெயிலை வாங்கிக்கொண்டு, காற்றுக்கு அசைந்துகொண்டு, ஒரு தேனீ கூட வந்து பூவில் உட்கார்ந்து எழுந்து போயிற்று... கீழே நடந்தது அங்கே இன்னும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. எவ்வளவு நேரம் எடுக்கும், அந்தத் தண்டு முழுக்க ஏறி, ஒவ்வொரு கணுவாகச் சொல்லிக்கொண்டு? அல்லது, குவளையைக் கையில் வைத்தபடியே அவன் நின்றுவிட்டான், அல்லது வெட்டிய அந்த நொடியிலேயே அதற்கு எல்லாம் தெரிந்துவிட்டதா, இந்நேரம் எந்தப் பக்கம் கை நீட்டலாம் என்று உள்ளே தொடங்கிவிட்டதா, சேதி வந்து சேராதது தனக்குத்தானா...